ரொறன்ரோ வீட்டில் நாலு செடி: நீண்ட நாள் சட்டிவாவா, சீக்கிரம் முடியும் கலப்பினமா?

ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர்கள் வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கலாம். 2018 ஒக்டோபர் 17 அன்று கூட்டாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இதுதான் நிலைமை. ஆனால் கணக்கு ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருந்தாலும் நாலு செடிதான். ஆண் செடி வந்தாலும் அது அந்த நாலில் ஒன்று. இடம் இவ்வளவு குறுகியது என்பதால்தான் எந்த ரகத்தை வைப்பது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

யோசிப்பவர்களில் ஒரு பகுதியினர் கேட்பது ஹேஸ், தாய்லாந்து, கொலம்பியன் போன்ற, சட்டிவா எனப்படும் வெப்பமண்டலக் கஞ்சா ரகங்களை. மெல்லிய நீண்ட இலை, உயரமான உடல், இறுக்கமில்லாத பூங்கொத்து, எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்த மாதிரி வாசம். ஹேஸ் வரிசை 1970களில் கலிஃபோர்னியாவின் சான்ட்டா குரூஸ் பக்கம் உருவானது. கொலம்பியா, மெக்சிகோ, தாய்லாந்து, தென்னிந்தியா ஆகிய நாலு இடத்து விதைகளும் அதில் கலந்திருக்கின்றன என்பது வளர்ப்போர் மத்தியில் வழங்கும் கதை. கடையில் இந்த வகை எப்போதும் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் வளர்த்துப் பார்க்கலாமே என்ற ஆசை வருவது நியாயம்தான்.

சிக்கல், அது பூக்க எடுக்கும் காலம். இன்று பரவலாக விற்கும் கலப்பினங்கள் பூவெடுக்கத் தொடங்கி 8 அல்லது 9 வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். ஹேஸ் வகைகள் 12 முதல் 14 வாரம் கேட்கும். தூய தாய்லாந்து ரகங்களில் சில அதையும் தாண்டும். ஐந்து வாரம்தானே கூடுதல் என்று தோன்றும். ரொறன்ரோ நாட்காட்டியில் அந்த ஐந்து வாரம் எங்கே போய் விழுகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கஞ்சா பகல் குறையும்போது பூக்கும் செடி. நம் ஊரில் பழைய சம்பா நெல் ரகங்கள் பல, எப்போது விதைத்தாலும் பகல் குறைகிற காலம் வரும் வரை கதிர் தள்ளாமல் நிற்குமே, அதே குணம். எவ்வளவு குறைந்தால் பூக்கும் என்பது ரகத்தின் பூர்வீகத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. அப்படிப்பட்ட நிலப்பகுதிகளில் பழகிய செடிக்கு 14 மணி நேரப் பகல் என்பது வளர்வதற்கான நேரம், பூப்பதற்கானது அல்ல. ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 15 மணி 27 நிமிடம். ஓகஸ்ட் நடுவில் 14 மணி நேரம். 13-ஆகக் குறைய செப்டெம்பர் முதல் வாரம் வந்துவிடும். 12-ஐத் தொடுவது செப்டெம்பர் கடைசியில்.

சரி, கூட்டிப் பார்ப்போம். வெப்பமண்டலச் சட்டிவா செப்டெம்பர் முதல் பாதியில் பூவெடுக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 13 வாரம் போட்டால் டிசம்பர் நடு. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் ஒக்டோபரிலேயே உறைபனி விழுந்துவிடும். அதாவது செடி எட்டு அடி வளர்ந்து, வேலிக்கு மேலே தலை நீட்டி, அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காட்சி கொடுத்துவிட்டு, பூ முற்றுவதற்குள் கருகிப் போகும். உரமோ கவனிப்போ இதை மாற்றாது. எனவே பேக்யார்டில் திறந்த வெளியில் நீண்ட நாள் சட்டிவா என்ற யோசனையை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன்.

தொட்டியில் வைத்துச் செப்டெம்பரில் உள்ளே தூக்கிவிடலாமே என்பார்கள். அதற்குள் செடி கதவுக்குள் நுழையாத உயரத்துக்கு வந்திருக்கும். கூடவே அசுவினியும் செஞ்சிலந்திப் பேனும் இலவசமாக வீட்டுக்குள் வரும். கண்ணாடிக் கூண்டு வைத்துச் சூடேற்றலாம் என்றால், நவம்பர் டிசம்பர் வெயிலில் பூ தடிப்பதற்கான வெளிச்சமே இல்லை. சூடேற்றும் செலவு மட்டும் மிச்சம்.

வெளியில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இருட்டு மூடுதல். ஜூன் நடுவிலிருந்து தினமும் மாலை 7 மணிக்கு வெளிச்சம் புகாத கறுப்புத் தார்பாயால் செடியை மூடி, காலை 7 மணிக்குத் திறப்பது. செடிக்கு 12 மணி நேர இரவு கிடைக்கும், பூவெடுக்கத் தொடங்கிவிடும். ஜூன் 15-இல் தொடங்கினால் 14 வாரம் முடியும்போது செப்டெம்பர் 21. உறைபனிக்கு முன்னால் அறுவடை. காகிதத்தில் மிக அழகான திட்டம் இது. மின்சாரச் செலவு கிடையாது, ஜூன் ஜூலை வெயிலுக்கு இணையான விளக்கும் கிடையாது.

ஆனால் இது ஏறக்குறைய நூறு நாள் வேலை. தினம் இரண்டு தடவை, பெரும்பாலும் அதே நேரத்தில். நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் செடி குழம்பும். சட்டிவாக்களில், குறிப்பாகத் தாய்லாந்து வம்சத்தில், அந்தக் குழப்பம் பெண் செடியிலேயே ஆண் பூ தோன்றுவதில் முடியலாம். அப்புறம் பூவுக்குப் பதில் விதைதான். கோடை என்பது நம் வீடுகளில் கலியாணமும் கோயில் திருவிழாவும் ஊர்ப் பயணமும் நிறைந்த காலம். சனிக்கிழமை மாலை 7 மணிக்கு வரவேற்பு மண்டபத்தில் இல்லாமல் தார்பாய் பிடித்துக்கொண்டு நிற்க யார் தயார்? தார்பாய்க்குள் ஈரம் சேர்வது இன்னொரு தலைவலி. காற்றுப் போக வழி வைத்தால் அதன் வழியே வெளிச்சமும் வரும். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும், தோட்டவேலையே பொழுதுபோக்கான ஒருவருக்கு இது பொருந்தும். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மிஞ்சுவது பேஸ்மென்டில், விளக்கு போட்டுச் செடி வளர்க்கும் டென்ட். நீண்ட நாள் சட்டிவாவை இந்த ஊரில் ஒழுங்காக முடிக்க உண்மையில் இதுதான் வழி. ஆனால் இங்கே பலர் பயப்படும் விஷயம் ஒன்று, சிக்கல் வரும் இடம் வேறொன்று.

பயப்படுவது ஹைட்ரோ பில்லுக்கு, அதாவது மின் கட்டணத்துக்கு. 3 அடிக்கு 3 அடி டென்டுக்கு 240 வாட் எல்இடி விளக்கு போதும். பூக்கும் காலத்தில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்றால் 2.88 யூனிட். 14 வாரத்துக்கு 282 யூனிட். 9 வாரக் கலப்பினத்துக்கு 181. வித்தியாசம் சுமார் 100 யூனிட். யூனிட் 10 சென்ட் என்று போட்டால் 10 டொலர், அவ்வளவுதான். அதற்கு மேல் விநியோகக் கட்டணமும் மின்விசிறியும் சேரும் என்றாலும் இரண்டு கோப்பிக் கணக்கைப் பெரிதாகத் தாண்டாது. ஒன்ராறியோவின் நேர அடிப்படைக் கட்டணத்தில் வார நாட்களில் மலிவு நேரம் மாலை 7 முதல் காலை 7 வரை, சரியாக 12 மணி நேரம். பூக்கும் செடிக்கு வேண்டியதும் அதே 12. விளக்கை இரவில் எரிய விட்டால் மலிவு, அதன் சூடு குளிர்காலத்தில் பேஸ்மென்டுக்கும் உதவும். மேலே படுக்கையறை இருந்தால் காற்றாடிச் சத்தத்தை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது உயரத்தில். டென்ட் ஆறரை அடி என்று வையுங்கள். தொட்டிக்கு ஓர் அடி. விளக்குக்கும் அதற்கும் செடி நுனிக்கும் இடையிலான தூரத்துக்கும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு அடி. செடிக்கு மிஞ்சுவது மூன்றரை, நாலு அடி. வெளிச்சத்தை 12 மணி நேரமாகக் குறைத்த பிறகும் வெப்பமண்டலச் சட்டிவா வளர்வதை நிறுத்தாது. முதல் சில வாரங்களில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூட நீளும். ஆகவே செடி ஓர் அடி, மிஞ்சிப்போனால் பதினைந்து அங்குலம் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். கலப்பினம் வளர்த்துப் பழகியவர்களுக்கு இது மனம் ஒப்பாது. இவ்வளவு சின்னச் செடியையா என்று இன்னும் இரண்டு வாரம் விடுவார்கள். அந்த இரண்டு வாரம் ஆறாவது வாரத்தில் விளக்கில் போய் முட்டும். நுனி கிள்ளி, கிளைகளைப் பக்கவாட்டில் வளைத்துக் கட்டி, மேலே வலை போட்டுப் பரப்பினால் சமாளிக்கலாம். நாலு சட்டிவாவை 3 அடி டென்டில் திணிப்பதை விட இரண்டு வைப்பது நல்லது. சட்டம் நாலு என்பது மேல் எல்லை, கட்டாயம் இல்லை.

அடுத்தது காலம். 4 வாரம் வளர்ச்சி, 14 வாரம் பூ என்றால் ஒரு சுற்றுக்கு 18 வாரம். ஆண்டுக்கு மூன்று சுற்றுகூட முழுதாக முடியாது. கலப்பினத்துக்கு 13 வாரம், நாலு சுற்று. ஒரு சுற்றில் வேர் அழுகியோ பூச்சி வந்தோ கெட்டால் சட்டிவாக்காரர் இழப்பது ஏறக்குறைய ஒரு பருவம். ஆறாவது வாரம் நீங்கள் ஊருக்குப் போய்விட்டால் யார் தண்ணீர் ஊற்றுவது? டிசம்பரில் கொழும்புக்கோ சென்னைக்கோ மூன்று வாரம் போகிற குடும்பங்களுக்கு இது சின்னக் கேள்வி அல்ல. பூக்கும் செடியைக் காரில் ஏற்றி நண்பர் வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பூவோ மொட்டோ உள்ள செடியைப் பொது இடத்தில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

உரத்தில் தாராளம் ஆகாது. இந்த ரகங்கள் வறண்ட, சத்துக் குறைந்த மண்ணிலும் பழகியவை. கலப்பினத்துக்குக் கொடுக்கும் அளவைக் கொடுத்தால் இலை நுனி கருகும். முற்றியதா என்று பார்க்க விதைப் பையில் அச்சிட்ட வாரக் கணக்கை நம்பாதீர்கள். பழைய பூ காய்ந்ததன் மேலேயே புதிய வெள்ளை இழை விட்டுக்கொண்டே இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பிசின் முத்துகள் பால் நிறமாவதைப் பார்த்து முடிவெடுப்பதே சரி. விதை வாங்கும்போது பெண்மயமாக்கியதையே எடுங்கள். சாதாரண விதையில் பாதி ஆணாகப் போனால் நாலில் இரண்டு போயிற்று, அதுவும் பல வாரம் காத்திருந்த பிறகு.

ஒரு விஷயத்தில் சட்டிவாவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அதன் பூங்கொத்து காற்றோட்டமானது. இறுக்கமான கலப்பினப் பூக்களுக்குள் ஈரம் தங்கி வரும் சாம்பல் பூஞ்சை இதில் குறைவு. செப்டெம்பர் பனி ஈரத்தில் வெளியில் கலப்பினம் வைத்திருப்பவர்கள் அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடுக் கொத்து பழுப்பாகிப் போவதைப் பார்த்து நொந்துபோவார்கள். கொத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பஞ்சு மாதிரிச் சாம்பல்.

இப்போது எதிர்ப்பக்கம். கலப்பினங்களில் ஒக்டோபர் முதல் வாரத்துக்குள் வெளியிலேயே முடியும் ரகங்கள் இருக்கின்றன. ஓகஸ்ட் தொடக்கத்தில், பகல் 14 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே பூவெடுப்பவை அவை. மே மாதம் வரும் விக்டோரியா தினத்தை ஒட்டித் தக்காளி, கத்தரி நடும்போது இதையும் நட்டுவிடலாம். விளக்கு வேண்டாம், டென்ட் வேண்டாம். பூஞ்சை ஒன்றுதான் எதிரி, காற்றோட்டமான இடத்தில் வைத்து நெருக்கமான கிளைகளைக் கழித்துவிட்டால் பெருமளவு தப்பிக்கலாம். சட்டிவா வாசம்தான் வேண்டும் என்பவர்களுக்கு டர்பன் வகை நல்ல நடுவழி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் 30 பாகை தெற்கில் இருக்கிறது. அங்கிருந்து வந்து நெதர்லாந்தில் பழக்கிய வரிசைகள் சட்டிவாவின் உருவமும் வாசமும் கொண்டிருந்தாலும் 9 வாரம் போல முடிந்துவிடுகின்றன. ஹேஸின் அதே சுவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு காத்திருப்பில் முக்கால் திருப்தி.

தானாகப் பூக்கும் ரகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ரஷ்யப் பக்கத்து ருடராலிஸ் வம்சம் கலந்தவை, பகல் நீளத்தைப் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பூப்பவை. விதையிலிருந்து அறுவடை வரை 10 முதல் 12 வாரம். இடுப்பளவுதான் வளரும். முதல் தடவை வளர்ப்பவர், சிறிய முற்றம், வேலிக்கு மேல் தெரியக் கூடாது என்ற கவலை, இவை இருந்தால் இதுதான். சட்டிவா என்று பெயர் போட்டு விற்கும் தானாகப் பூக்கும் விதைகளில் ஹேஸின் குணம் அதிகம் மிச்சமிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நீண்ட நாள் ரகத்தைத் தேடுவோர் சொல்லும் இன்னொரு காரணம், சட்டிவா சுறுசுறுப்பைத் தரும், கஞ்சாவின் இன்னொரு வகையான இண்டிகா தூக்கத்தைத் தரும் என்பது. இதை நம்பி 18 வாரம் செலவழிக்க வேண்டாம். ஹாலிஃபாக்ஸில் உள்ள டல்ஹௌசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், சட்டிவா, இண்டிகா என்ற விற்பனைப் பெயர்களுக்கும் செடியின் மரபணுவுக்கும் வலுவான பொருத்தம் இல்லை என்று கண்டார்கள். வாசம் தரும் சில டெர்பீன்களோடு மட்டும்தான் அந்தப் பெயர்கள் ஓரளவு ஒத்துப்போயின. ஆக, நீண்ட நாள் சட்டிவாவை அதன் வாசத்துக்காகவும் வளர்க்கும் இன்பத்துக்காகவும் வளர்க்கலாம். உடலில் என்ன செய்யும் என்பதை, போதை தரும் பொருளான டிஎச்சியின் அளவும் உங்கள் உடம்பும்தான் தீர்மானிக்கும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் வரலாறு உள்ளவர்கள் டிஎச்சி உள்ள எதையும் தவிர்ப்பதுதான் நல்லது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் டென்டுக்கும் அறுவடைக்கும் பூட்டு போடாமல் தொடங்கவே வேண்டாம்.

வீடு யாருடையது என்ற கேள்வியும் ரகத் தேர்வைப் பாதிக்கும். கொண்டோ என்றால் கட்டடச் சங்க விதிகளிலும், வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்திலும் தடை இருக்கலாம். முதலில் அதைப் படியுங்கள். தடை இல்லாவிட்டாலும் வாசம் ஒரு பிரச்சினை. கார்பன் ஃபில்டர் வைத்தாலும் பூக்கும் காலம் முழுவதும் கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசம் வெளியே வரும். கலப்பினத்தில் அது இரண்டு மாதம், ஹேஸில் மூன்றேகால் மாதம். மேல்மாடியில் வீட்டுக்காரர் பூசை அறை வைத்திருக்கும் பேஸ்மென்ட் வாடகைக்காரருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

மாகாணம் மாறினால் கணக்கும் மாறும். கியூபெக்கில் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு வீட்டில் ஒரு செடிகூட வைக்க முடியாது. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. குடியுரிமை இன்னும் எடுக்காதவர்கள் நாலு என்ற எண்ணைக் கல்லில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சட்டவிரோதமாக வளர்ப்பதற்கு அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. அதிகபட்சம் 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தைக் குடிவரவுச் சட்டம் பாரதூரமான குற்றமாகப் பார்க்கிறது, நிரந்தர வதிவிடமே போகலாம். ஊரிலிருந்து விதை கொண்டுவருவது, இங்கிருந்து விளைந்ததை ஊருக்கோ அமெரிக்காவுக்கோ எடுத்துப்போவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். அனுமதி பெற்ற கடைகளிலும் மாகாண அரசின் இணையக் கடையிலும் விதை சட்டப்படியே கிடைக்கிறது.

என் தேர்வைக் கேட்டால்: சொந்த வீடு, பூட்டக்கூடிய பேஸ்மென்ட் அறை, ஏற்கெனவே இரண்டு மூன்று சுற்று கலப்பினம் வளர்த்த அனுபவம், நாலு மாதம் வீட்டை விட்டு நீண்ட நாள் போகாத வாழ்க்கை, இவை எல்லாம் இருந்தால் டென்டில் ஹேஸ் வகை இரண்டு செடி. அதோடு பேக்யார்டில் ஒக்டோபருக்குள் முடியும் கலப்பினம் இரண்டு. சேர்த்து நாலு. கோடையில் வெளியே கலப்பினம் நிற்கும், இலையுதிர்காலம் தொடங்கி டென்ட் ஓடும். இரண்டு காலமும் ஒன்றன் மேல் ஒன்று விழும் வாரங்களில் எண்ணிக்கை நாலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேலே சொன்னவற்றில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் டர்பன் வகை. முதல் தடவை என்றால் தானாகப் பூப்பது.

எதைத் தேர்ந்தாலும், விதைக்குப் பணம் கொடுக்கும் முன் அனுமதி பெற்ற கடையில் ஹேஸ் வகைப் பூ ஒரு கிராம் வாங்கிப் பாருங்கள். பொதியில் அல்லது கடையின் இணையப் பக்கத்தில் டெர்பீன் விவரம் இருந்தால் டெர்பினோலீன் முன்னால் நிற்கிறதா என்று கவனியுங்கள், அந்த வாசத்துக்கு அதுவும் ஒரு காரணம். பிடிக்கவில்லை என்றால் சில டொலரோடு போயிற்று, டென்டை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.